பருந்தின் வீழ்வு: ஊனுண் பறவைப் பெயர்களும் வடசென்னைக் கடற்கரைச் சான்றும்

1. ஆய்பொருள்

தமிழில் ஊனுண்ணும் பறவைகளைக் குறிக்கும் பெயர்கள் பல. பருந்து, எழால், வல்லூறு, எருவை, பாறு, கழுகு, உவணம், கருடன், விராலடிப்பான் என்பன அவற்றுட் சில. இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நிகண்டுகளும் உரைகளும் பாறு என்பதனை ஒருகாற் கழுகு எனவும் ஒருகாற் பருந்து எனவும் கூறும். இக்காலத்தாரோ கழுகு என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஆங்கிலத்தார் ஈகிள் என்னும் பறவையையே நினைக்கின்றனர். கூரையின்மேல் வட்டமிடும் கரும்பருந்தையும் கழுகு என்றே சுட்டுகின்றனர்.

இம்மயக்கம் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. எப்பறவை எனத் தெளியாதார்க்கு உவமை பொருள்படாது. உவமை பொருள்படாவிடிற் பாட்டின் கருத்தும் குறைவுபடும். ஆதலின் இப்பெயர்களை வரையறுத்தல் தமிழாய்வார்க்குரிய கடமைகளுள் ஒன்றாகும்.

இக்கட்டுரையில் யாம் நிறுவ முயல்வது ஒன்றே. தமிழர் இப்பறவைகளுக்குப் பெயரிட்டு வேறுபடுத்தியது பெரும்பாலும் அவை இரைகொள்ளும் வினையை நோக்கியே ஆகும். உருவத்தை நோக்கியதும் பருமனை நோக்கியதும் அதற்கு அடுத்த நிலையினவே. பறந்தவாறே கவர்ந்து செல்வது, உயிருள்ள பறவையைப் பாய்ந்து அடிப்பது, நீரில் வீழ்ந்து மீன் கொள்வது, பிணத்தின்மேல் இருந்து தின்பது எனவரும் நான்கு வினைகளைக் கொண்டு நோக்கின், மயங்கிக் கிடக்கும் பெயர்களுட் பெரும்பாலன தத்தமக்குரிய இடத்தில் அமைந்துவிடுகின்றன. இதற்கு இலக்கியச் சான்றோடு கண்கூடான சான்றும் வேண்டும். அக்கண்கூடான சான்றை வடசென்னைக் கடற்கரை தருகின்றது.

2. களம்

இராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை செல்லும் கரை, பறவை நோக்குவார் எளிதில் நினையாத இடமாகும். ஆலைப் புகைபோக்கியும், சரக்குப் பெட்டக வண்டிகளும், அனல்மின் நிலையமும், துறைமுகத் தூக்குப்பொறிகளுமே அங்குக் கண்ணிற்படுவன. ஆயினும் ஊனுண் பறவை வாழ்தற்கு வேண்டுவன இரை, உயர்ந்த இருக்கை, தடையற்ற வான் என்னும் மூன்றே. இம்மூன்றும் ஆங்கு உண்டு. மீன் இறக்கும் துறையிலும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலும் கழிவு குவிகின்றது. விளக்குக் கம்பங்களும் படகின் பாய்மரங்களும் மரக்கிளையின் தொழிலைச் செய்கின்றன. கொசத்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கூடும் எண்ணூர்க் கழியும், அதற்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி வரை பரந்த சேற்றுநிலமும் மீனும் நண்டும் நீர்ப்பறவையும் உடையன.

இக்கரையில் ஆண்டு முழுவதும் தங்குவன கரும்பருந்தும் செம்பருந்தும் ஆகும். கரும்பருந்தை ஊர்ப்பருந்து எனவும் கள்ளப்பருந்து எனவும் வழங்குவர். அதன் உடல் பழுப்பு. வால் நுனி கவைபட்டிருக்கும். செம்பருந்தின் தலையும் மார்பும் வெண்மை. ஏனைய பகுதி செங்காவி. வால் நுனி வட்டமானது. மக்கள் கருடன் எனக் கண்டு கன்னத்தில் ஒற்றிக்கொள்வதும், குடமுழுக்கு நாளில் கோயில் விமானத்தின்மேல் வட்டமிட வேண்டுமென எதிர்பார்ப்பதும் இப்பறவையையே. திருமாலின் ஊர்தியாகிய உவணம் என்னும் புராணப் புள், கண்ணாற் காணும் பறவை ஒன்றன்மேல் ஏற்றி உரைக்கப்பட்ட நிலை இது. மலையாளத்தார் இதனையே கிருட்டிணப்பருந்து என்பர். தமிழிலும் மலையாளத்திலும் இதன் வகைப்பெயர் பருந்து என்றே நிற்றல் ஈண்டுக் கருதத்தக்கது.

3. பருந்து: பொதுவும் சிறப்பும்

பருந்து என்னும் சொல் தொன்மையானது. சங்கப் பாலைப் பாட்டுக்களிற் பலகாலும் பயில்வது. ஆயின் அது யாண்டும் ஒரே பறவையைக் குறித்தது எனக் கொள்ளல் ஆகாது. புறநானூற்று 43ஆம் பாட்டில், சோழர் முன்னோன் புறாவின் பொருட்டுத் துலையேறிய செய்தி கூறப்படுகின்றது. அங்குப் புறாவைத் துரத்தி வந்த பறவை கூரிய நகமுடைய பருந்து எனப்படுகின்றது. வடமொழியில் அக்கதையிற் புறாவைத் துரத்துவது சியேனம். அஃது உயிருள்ள பறவையை வேட்டையாடும் இனத்தைக் குறிக்கும் சொல். கரும்பருந்து, பறக்கும் புறாவை விடாது துரத்திப் பிடிக்கும் இயல்பினதன்று. ஆதலின் அப்பாட்டிற் பருந்து என்பது, நகத்தாற் பற்றும் பறவை அனைத்திற்கும் பொதுப்பெயராய் நின்றது எனல் வேண்டும். நகத்தின் கூர்மை அடையாக வந்தமையும் இதற்குத் துணையாகும்.

திருவொற்றியூர்க் கடற்கரையிற் சமாதி கொண்டவராகப் போற்றப்படும் பட்டினத்தார் பாடலில் இச்சொல்லின் மற்றொரு நிலையைக் காண்கின்றோம். இறந்தபின் இவ்வுடலைத் தமக்கு எனக் கேட்டு நிற்பனவாக அவர் அடுக்கும் வரிசையில் தீ, புழு, மண், நரி, நாய் என்பவற்றோடு பருந்தும் இடம்பெறுகின்றது. இங்குப் பருந்து பிணத்திற் பங்கு கேட்கும் பறவை. இதனைக் கொண்டு பருந்தும் கழுகும் ஒன்று என முடிவு செய்தல் பொருந்தாது. கரும்பருந்து செத்த இரையையும் கொள்ளும். ஆனாற் பிணத்தை முழுதும் தின்று முடிக்கும் பறவை அன்று. விளிம்பிலிருந்து ஒரு துண்டைக் கவர்ந்து செல்வதே அதன் தொழில். பங்கு கேட்போருள் ஒன்றாக அதனை நிறுத்திய பாடல், அதன் இயல்பை மீறவில்லை.

எனவே பருந்து என்பது விரிந்த பொருளில் நகத்தாற் கவரும் பறவைகளின் பொதுப்பெயர். குறுகிய பொருளில் ஊரோடு ஒட்டி வாழும் கரும்பருந்து, செம்பருந்துகளின் சிறப்புப்பெயர். இவ்விரண்டிற்கும் அடிப்படையாவது கவர்தல் என்னும் வினையே.

4. பருந்தின் வீழ்வு

இக்கவர்தல் வினையை நம் இலக்கணிகள் எத்துணை நுட்பமாகக் கண்டனர் என்பதற்கு நன்னூலே சான்று. சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலைகளைப் பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் நான்காக வகுப்பர். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்பன அவை. ஆற்று நீர் போல இடையறாது தொடர்வது முதலது. சிங்கம் முன்னும் பின்னும் நோக்குவது போல இருபுறமும் இயைவது இரண்டாவது. தவளை போல இடையிட்டுத் தாவி இயைவது மூன்றாவது. பருந்து நடுவே வீழ்ந்து, தான் கருதியதை எடுத்துக்கொண்டு அகல்வது போல, ஒரு சூத்திரம் இடையே வந்து தன் பொருளை முடித்துப் போவது நான்காவது.

இந்நான்காவதன் நுட்பம் பாடம் கேட்கும் மாணவர்க்குப் பெரும்பாலும் புலப்படுவதில்லை. பருந்து என்பதற்குக் கழுகு எனவோ வல்லூறு எனவோ சொல் மாற்றினும் பொருள் கெடாது என்று எண்ணுவாரும் உளர். அது பொருந்தாமையைக் காசிமேட்டிற் காணலாம். விடியற்காலை விசைப்படகுகள் கரைசேர்ந்து மீன் ஏலம் நடக்கும் பொழுது, கரும்பருந்துகள் துறைமுகத்தின்மேல் வட்டமிடும். கழித்த மீனோ குடலோ நீரில் வீழ்ந்தவுடன் அவற்றுள் ஒன்று சாய்ந்து இறங்கும், நீரில் அமராது, கரையிலும் அமராது, காலை நீட்டி இரையைத் தொட்ட அக்கணமே மேலெழும். எழுந்த பின்னர்ப் பறந்துகொண்டே, காலிலுள்ள இரையை அலகிற்குக் கொணர்ந்து தின்னும். இறங்கிய வழியும் ஏறிய வழியும் ஒரே வளைகோட்டின் இரு கூறாக இருக்கும். கூட்டத்தின் நடுவே வந்தது. தனக்குரியதை மட்டும் கொண்டது. கூட்டத்தோடு ஒட்டாது போயிற்று.

இனி ஏனைய பறவைகளை நோக்குக. கழுகு இறங்கினால் அமர்ந்துவிடும். வயிறு நிறையும் வரை எழாது. வல்லூறு வீழ்வது கொல்லுதற்கு. கொன்றதைப் பெரும்பாலும் ஓரிடத்தில் வைத்து இறகு களைந்து தின்னும். மீன்கொத்தியோ நீருட் புகுந்து மீளும். இடையே வந்து, நில்லாது, கருதியதை மட்டும் கொண்டு செல்லுதல் பருந்திற்கே உரியது. முன்னும் பின்னும் உள்ள சூத்திரங்களோடு தொடர்ச்சி கொள்ளாது, தன் பொருள் முடித்துச் செல்லும் சூத்திரத்திற்கு இதனினும் பொருந்திய உவமை இல்லை. இலக்கண ஆசிரியர் பொதுவாகப் பறவை வீழ்வு என்னாது, பருந்தின் வீழ்வு எனக் கூறியது பொருளுடைத்து. இதனை ஒரு குறியீடாக மட்டும் நெட்டுருச் செய்வோர், அவ்விலக்கணத்தின் செம்பாதியை இழக்கின்றனர்.

5. பருந்தும் நிழலும்

பருந்தின் வேறொரு செயலும் நம் இலக்கியத்தில் உவமையாயிற்று. சீவக சிந்தாமணி காந்தருவதத்தையார் இலம்பகத்தில், மிடற்றுப் பாடலும் யாழிசையும் பிரியாது இயைந்தமைக்குப் பருந்தும் அதன் நிழலும் உவமையாக வருகின்றன. ஒன்றைவிட்டு ஒன்று நீங்காமை இவ்வுவமையாற் கிடைக்கும் பொதுப்பொருள். அவ்வளவே ஆயின் எப்பறவையின் நிழலும் உவமையாகலாம், பருந்து வேண்டுவதின்று. நச்சினார்க்கினியர் இதனைப் பருந்து படிப்படியாக உயரும் முறையோடு பொருத்திக் காட்டுவர்.

அவ்வுரையின் நுட்பத்தையும் இக்கரையிற் காணலாம். வெயில் ஏறத் தரை சூடாகி, வெப்பக் காற்று மேலெழும். பருந்து அக்காற்றினுட் புகுந்து, சிறகடியாது வட்டமிட்டு ஒரு நிலை உயரும். அந்நிலையிற் சிறிது நின்று சுழலும். மீண்டும் மற்றொரு நிலை உயரும். நின்று நின்று உயரும் இவ்வியல்பு, இசை ஒரு தானத்தில் நின்று பின் அடுத்த தானத்திற்கு ஏறும் இயல்போடு ஒக்கும். பருந்து மேலே வட்டமிடுந்தோறும் நிழல் கீழே அவ்வட்டத்தையே வரையும். சிறகடித்து விரையும் காக்கையின் நிழலிலோ புறாவின் நிழலிலோ இவ்வொழுங்கு இல்லை.

அதே செய்யுளில் யாழிசை எழால் என்னும் சொல்லாற் குறிக்கப்படுகின்றது. எழால் என்பது பறவைப் பெயராகவும் வருமாதலின், பருந்தும் எழாலும் ஓரிடத்து வரக் காணும் இளமாணவர் மயங்குதல் கூடும். ஒலி ஒன்றாயினும் பொருள் வேறு என்பதனை ஆசிரியர்கள் எடுத்துரைத்தல் நன்று.

6. எழாலும் வல்லூறும்

பறவையாகிய எழாலைக் குறுந்தொகை 151ஆம் பாட்டிற் காண்கின்றோம். எழால் பாய்தலும் துணையைக் காணாத வங்காப் பறவையின் பேடை, குழலோசை போலச் சிறுசிறு குரலாக அகவுகின்றது. எழால் என்பதற்குப் புல்லூறு எனப் பொருள் உரைப்பர். இப்பாட்டில் எழாலின் வினை ஐயத்திற்கு இடமில்லாதது: உயிருள்ள பறவையின்மேல் திடீரென வீழ்தல். பிரிவை அஞ்சும் நெஞ்சிற்கு அவ்வீழ்ச்சியின் திடுக்கமே உயிர். இவ்விடத்திற் கழுகு எனப் பொருள் எழுதின், பேடை அஞ்சுதற்குக் காரணம் இல்லையாம். உயிருள்ள சிறுபறவையைத் துரத்துதல் கழுகின் தொழில் அன்று.

வல்லூறு, வைரி, இராசாளி என்னும் பெயர்கள் இக்காலப் பறவை நூல்களிற் பலவாறு வழங்குகின்றன. ஒருவர் சிக்ரா எனப்படும் சிறுபறவையை வல்லூறு என்பர். மற்றொருவர் அதனை வைரி என்பர். பெரிகிரின் பால்கன் என்பதனைப் பொரி வல்லூறு என வழங்குவாரும் உளர். இவற்றுள் சிக்ரா, மரம் அடர்ந்த தெருக்களிலும் வாழ்ந்து, ஓணானையும் சிறுபறவையையும் பிடிப்பது. பெரிகிரின், பனிக்காலத்தில் தமிழகக் கடலோரத்திற்கு வந்து, புறாவையும் கரைப்பறவையையும் வானிலேயே அடித்து வீழ்த்துவது. அது செங்குத்தாக வீழும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரினும் மிகும். இவ்விரண்டும் உறவில் அணுகியன அல்ல. 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு, பால்கன் இனத்தைப் பருந்தினத்தினின்றும் பிரித்துக் கிளிக்கும் பாடும் பறவைகளுக்கும் அண்மையில் வைத்தது. ஆயினும் இரண்டையும் வல்லூறு என ஒரு பெயரால் அழைத்தவர் பிழைபட்டார் எனல் ஆகாது. அவர்கள் நோக்கியது குலத்தை அன்று, தொழிலை. உயிருள்ள பறவையை வலிந்து பற்றுதல் என்னும் தொழிலால் இரண்டும் ஓரினமே. ஊனுண் பறவை என்னும் தொகுப்பும் தொழிலாற் பெற்ற தொகுப்பே அன்றிக் குலத்தாற் பெற்றதன்று என்பதனை அவ்வாய்வு உறுதிசெய்துவிட்டது.

7. மீன்கொள் பறவைகள்

எண்ணூர்க் கழி முதற் பழவேற்காடு வரையுள்ள நீர்ப்பரப்பு, மூன்றாம் வினைக்குரிய இடம். பனிக்காலத்தில் வடநாடுகளினின்று வரும் ஆசுபிரே என்னும் பறவை, நீரின்மேல் ஓரிடத்துச் சிறகடித்து நின்று, காலை முன்நீட்டி வீழ்ந்து, மீனைப் பற்றி எழும். வழுக்கும் மீனைப் பற்றுதற்கு ஏற்ப அதன் அடிப்பாதம் முள் போன்ற சொரசொரப்புடையது. வெளிவிரல் பின்னோக்கித் திரும்பவும் வல்லது. இதனைத் தமிழர் விராலடிப்பான் என்பர். இப்பெயரை ஆராயின் இரண்டு செய்திகள் புலனாகும். விரால் நன்னீர் மீன். ஆதலின் இப்பெயர் ஏரி, குளம் சார்ந்த உள்நாட்டில் தோன்றியிருத்தல் வேண்டும். எண்ணூரில் இதற்கு இரையாவது விரால் அன்று, மடவை முதலாகிய கழிமீன்களே. மீன் மாறியும் பெயர் மாறவில்லை; ஏனெனின் பெயரின் உயிர் அடித்தல் என்னும் வினையில் உள்ளது.

ஆலா என்னும் பெயரும் ஈண்டு நோக்கற்பாலது. இக்காலப் பறவை நூல்கள் இதனைக் கவைவாலுடைய வெண்ணிறக் கடற்பறவையாகிய டேர்ன் இனத்திற்கு வழங்குகின்றன. வெண்வயிற்றுக் கடற்கழுகைக் கடலாலா என்பாரும் உளர். உருவிலும் பருமனிலும் மிகவும் வேறுபட்ட இவ்விரண்டும் ஒரு பெயர் பெற்றமைக்கு, நீர்மேல் அலைந்து திரிந்து மீன் தேடும் ஒப்புமையே காரணம் எனக் கருதுதல் பொருந்தும். ஒரு பொருளைப் பெறுதற்கு நிலைகொள்ளாது தவிப்பவனை ஆலாய்ப் பறக்கின்றான் எனக் கூறும் உலக வழக்கும் இவ்வினையை நோக்கி எழுந்ததாகலாம்.

சேற்றுநிலத்தின்மேல் தாழப் பறந்து, நாணலிடை இரை தேடும் ஆரியர் இனத்தைப் பூனைப்பருந்து என்பர். பூனை பதுங்கி வருதல் போலத் தாழ்ந்து, ஓசையின்றி வருதலைக் கண்டார்க்கு இப்பெயரின் பொருத்தம் விளக்கமாகும்.

8. எருவையும் கழுகும்

நான்காம் வினையாகிய பிணம் தின்றலுக்கு இன்று வடசென்னையிற் சான்று இல்லை. இலக்கியத்திலோ அதுவே மிகுதி. அகநானூற்று 77ஆம் பாட்டு, குடவோலை முறைக்குச் சான்றாக வரலாற்றாசிரியர்கள் எடுத்தாளும் சிறப்புடையது. கயிற்றாற் பிணித்த குடத்தின் பொறியை நீக்கி, ஆவண மாக்கள் உள்ளிருந்து ஓலைகளை வெளியே எடுத்தல் போல, எருவை போர்ப்பட்ட மறவரின் குடரை வெளியே இழுக்கின்றது என்பது அதன்கண் வரும் உவமை. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டோடு சேர்த்து இதன் முதற்பகுதியைப் பலர் ஆராய்ந்தனர். பறவையாகிய பிற்பகுதியை ஆராய்ந்தார் சிலரே.

குடத்தின் வாய் சிறியது. உள்ளே கையிட்டே ஓலையை எடுத்தல் வேண்டும். எருவையும் உடலின் திறப்பினுள் தலையை இட்டே குடரை இழுக்கின்றது. இவ்வாறு தலையிடுதற்கு ஏற்பக் கழுகினத்தின் தலையும் கழுத்தும் பெரும்பாலும் இறகற்று, அல்லது குறுந்தூவியே உடையனவாய் இருக்கும். பருந்து இவ்வாறு செய்யாது. அதன் தலை இறகு நிறைந்தது. ஆதலின் இவ்வுவமையில் எருவைக்குப் பருந்து எனப் பொருள் கூறின் உவமையே சிதைந்துவிடும்.

மேலும் அப்பாட்டு எருவையின் செவி சிவந்தது எனக் கூறுகின்றது. பறவைக்குப் புறச்செவி இல்லை என்பது யாவரும் அறிந்தது. அவ்வாறாயிற் சிவந்த செவி யாது? செந்தலைக் கழுகு எனப்படும் இனத்தைக் கண்டார்க்கு இவ்வினா எழாது. அதன் தலையும் கழுத்தும் இறகின்றிச் சிவந்திருக்கும். கழுத்தின் இருமருங்கும் செவியை ஒட்டிச் சிவந்த தசைமடல் தொங்கும். புலவர் செவி எனக் கண்டது அத்தசைமடலையே எனக் கொள்ளுதல் தகும். எருவை என்னும் சொல் செம்பையும் குருதியையும் குறித்தலும் இச்செம்மையோடு ஒத்துச் செல்கின்றது. எனவே இப்பாட்டளவில் எருவை என்பது செந்தலைக் கழுகே என்பது எம் கருத்து.

கழுகு என்னும் சொல்லும் முதலில் இவ்வினையே பற்றியது. திருக்கழுக்குன்றம் மூவர் தேவாரமும் பெற்ற தலம். அங்கு நாள்தோறும் உச்சிப்பொழுதில் வந்து பொங்கலமுது கொண்ட இரு பறவைகள், மஞ்சள்முகப் பாறு எனப்படும் கழுகினத்தன. 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. மலையாளத்திலும் கழுகன் என்பது பிணந்தின் பறவையையே குறிக்கும். தலப்பெயரும் உறவுமொழியும் ஒத்து நின்று, கழுகு என்பதன் பழம்பொருளைக் காட்டுகின்றன.

9. கழுகு என்னும் சொல்லின் பெயர்ச்சி

அச்சொல் இன்று ஈகிளுக்கு உரியதாகவும், பழம்பொருளைக் குறித்தற்குப் பிணந்தின்னிக் கழுகு என அடை வேண்டுவதாகவும் மாறியதற்கு இரண்டு காரணங்களைக் காண்கின்றோம்.

முதலாவது மொழிபெயர்ப்பு. ஈகிளைக் குறித்தற்கு ஒரு பெருமித அடையாளம் வேண்டிய விடத்துக் கழுகு என்னும் சொல் எடுத்தாளப்பட்டது. தமிழ் விவிலியத்தில் ஆற்றலுக்கு உவமையாக வானில் எழும் பறவை கழுகே. ஆங்கில விவிலியம் அவ்விடத்து ஈகிள் என்னும். எபிரேய மூலத்திலோ நெசர் என்னும் சொல் உள்ளது. அது பெரும்பாலும் கிரிபான் என்னும் கழுகினத்தையே குறிக்கும் என்பது இக்கால அறிஞர் துணிபு. அங்ஙனமாயின் தமிழ்ச் சொல் தன் பழம்பொருளில் மூலத்தோடு பொருந்தியே நின்றது. ஆங்கிலத்தின் வழி அதனைப் படித்தவர்களே அதற்கு ஈகிள் என்னும் புதுப்பொருளை ஏற்றினர்.

இரண்டாவது காரணம் பறவையே மறைந்தமை. ஒரு தலைமுறைக்கு முன் தமிழகச் சமவெளிகளிற் கழுகு காணப்பட்டது. 1990களில் இந்தியா முழுவதும் அதன் தொகை வீழ்ந்தது. கால்நடைகட்கு வலி நீக்க அளிக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி, அதனைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004இல் வெளிவந்த ஆய்வால் தெளிவாயிற்று. இந்திய அரசு 2006இல் அம்மருந்தைக் கால்நடைகட்கு அளித்தலைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகினம் 99 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்துவிட்டது. தமிழகத்தில் இன்று கழுகுகள் எஞ்சி வாழும் முதன்மையான இடம் நீலகிரி, முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கே.

பொருள் கண்ணினின்று மறைந்தபின் சொல் தனித்து நின்றது. தனித்து நின்ற சொல்லை, கண்முன் உள்ள கரும்பருந்து ஒருபுறமும், நூலிற் படித்த ஈகிள் மறுபுறமும் ஈர்த்துக்கொண்டன. காசிமேட்டுக் கரும்பருந்தைக் கழுகு எனச் சுட்டும் இளைஞர் பிழை செய்தார் என்பதினும், அவர்க்குக் கழுகைக் காட்டுவார் இலர் என்பதே உண்மை. சூழலியல் எழுத்தாளர்கள் அண்மையில் பாறு, பாறுக் கழுகு என்னும் பெயர்களை மீண்டும் வழக்கிற் கொணர்ந்துள்ளனர். பழஞ்சொல் புதுத்தேவைக்கு எழுந்த இம்முயற்சி வரவேற்கத்தக்கது. பாறு என்பதற்குப் பருந்து எனவும் பொருள் உண்மையின், அதன் பொருளை வரையறுத்து உதவுதல் தமிழ்த் துறைகளின் கடன்.

10. முடிபு

மேற்கூறியவற்றால் நான்கு முடிபுகளைப் பெறுகின்றோம். பருந்து கவர்தல் வினையாற் பெயர்பெற்ற இனம், பொதுப்பெயராகவும் நிற்கும். எழாலும் வல்லூறும் உயிருள்ள பறவையை அடிக்கும் இனம். விராலடிப்பான், கடலாலா என்பன மீன்கொள் இனம். எருவை, கழுகு, பாறு என்பன பிணம் தின்னும் இனம். இவற்றுள் எருவை செந்தலைக் கழுகிற்குச் சிறப்பாக உரியது. பாட்டில் வினை கூறப்பட்டுள்ள இடங்களில் அவ்வினையை முதற்கண் நோக்கிப் பின்னரே பறவையைத் துணிதல் உரைகாண்பார்க்கு நெறியாகும். அகராதி செய்வாரும் பருந்து எனின் கழுகு, கழுகு எனின் பருந்து என மாற்றி மாற்றி எழுதாது, ஒவ்வொன்றற்கும் உரிய வினையைக் கூறி விளக்குதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். சொல்லாய்விற்குக் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் சான்றாதல் போல, உயிர்வாழும் பறவையும் சான்றாகும். ஓலைச்சுவடியைக் கறையானினின்று காத்த நாம், இச்சான்றைப் பற்றி அத்துணைக் கவலை கொண்டதில்லை. எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து நீர்வழி தூர்ந்தது. 2017 சனவரியில் காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கடலிற் கசிந்தது. 2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்திற் பரவியது. மீனவர் படகும் வலையும் கறைபட்டன. கூழைக்கடா முதலாகிய நீர்ப்பறவைகளின் இறகிலும் எண்ணெய் படிந்தது. மீன் இல்லையேல் விராலடிப்பான் வாராது. சேற்றுநிலம் இல்லையேற் பூனைப்பருந்து தங்காது. கழுகு மறைந்தபின் அகநானூற்று உவமையை விளக்க மோயாற்றுப் பள்ளத்தாக்கு வரை செல்ல வேண்டியதாயிற்று. பருந்தின் வீழ்வை விளக்க ஆசிரியர் ஒருவர்க்கு இன்றும் இராயபுரத்திற்குச் செல்லும் பேருந்து ஒன்றே போதும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகட்கு மீன்பிடி தடை உள்ள நாள்களில் துறையில் மீன்கழிவு குறையுமாதலின், அந்நாள்கள் நீங்கலாக ஏனைய நாள்களில் விடியற்காலை மாணவரை அழைத்துச் செல்லின், நன்னூற் சூத்திரம் ஒன்றை அவர்கள் கண்ணாலேயே கற்பர்.